போர்சலினோ ஃபெல்ட் தொப்பி: சினிமாவில் பிடிப்பதுபோல் பிடித்தால் நிலைக்காது

போர்சலினோ என்ற இத்தாலியக் கம்பெனியின் தொப்பியை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வடிவத்தை முதலில் பார்த்தது திரையில்தான். 'காசாபிளாங்கா' (1942) படத்தின் விமான நிலையக் காட்சியில் ஹம்ப்ரி போகார்ட் அணிந்திருப்பது போர்சலினோ என்பது பரவலான பேச்சு. 'பிரெத்லெஸ்' (1960) படத்தில் போகார்ட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் உதட்டைத் தடவுவார் ழான் பால் பெல்மோண்டோ. பத்து வருடம் கழித்து அவரும் அலென் தெலோனும் 1930களின் மார்செய் தாதாக்களாக நடித்த படத்துக்குத் தொப்பிக் கம்பெனியின் பெயரையே வைத்தார்கள்: 'போர்சலினோ' (1970).

இந்த மாதிரிப் படங்கள் தொப்பிக்குப் புகழ் சேர்த்தன. கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் பரப்பிவிட்டன. உச்சியின் முன்பக்கக் குழிகளில் இரண்டு விரலை வைத்துக் கிள்ளித் தூக்குவதுதான் அது. வருடக்கணக்கில் அணிந்த தொப்பி முதலில் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

காரணம் ஃபெல்ட் உருவாகும் விதத்தில் இருக்கிறது. ஜுசெப்பே போர்சலினோ 1857-ல் வட இத்தாலியின் அலெஸ்ஸாந்த்ரியாவில் பட்டறை தொடங்கினார். அந்தப் பெயரில் வரும் நல்ல ஃபெல்ட் இன்றும் முயல் ரோமத்தில்தான் ஆகிறது. இதில் நூலும் இல்லை, நெசவும் இல்லை. துளையிட்ட கூம்பின் மேல் ரோமத்தைப் படியவிட்டு, சுடுநீரிலும் அழுத்தத்திலும் சுருங்கச் சுருங்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஒரு தொப்பி முடிய ஏறக்குறைய ஏழு வாரம். முன்பக்கக் குழியில் ஃபெல்ட் கூர்மையாக மடிந்திருக்கும். தினமும் விரல் அழுத்தமும் கையின் எண்ணெயும் அங்கேயே பட்டால் இழைகள் அறுந்து, முதலில் மெல்லிய கோடு தெரியும், பிறகு ஓட்டை விழும். தடம் தெரியாமல் அதை அடைக்க வழியில்லை. எடுக்கும்போது முன்னும் பின்னுமாக விளிம்பை இரு கையாலும் பிடியுங்கள். வைக்கும்போது உச்சி கீழே இருக்கும்படி தலைகீழாக வையுங்கள். விளிம்பு மேசையில் பட வைத்தால் பின்பக்க வளைவு தட்டையாகிவிடும்.

அளவு எடுக்கும்போது டேப்பை நெற்றியின் நடுவிலும் காதுக்குச் சற்று மேலேயும் சுற்றுங்கள். 57 செ.மீ.க்கும் 58-க்கும் நடுவே வந்தால் 58 வாங்கி, உள்ளிருக்கும் தோல் பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் பட்டை செருகுங்கள். வியர்வையில் நனைந்து நனைந்து காயும் தோல் சுருங்கும், கூடவே ஃபெல்ட்டையும் இழுக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் விட்டுப்போனால் அதே சுருக்கம் ஒரே பகலில் வந்துவிடும்.

உண்மையில் இந்தத் தொப்பியைத் தினசரிப் பயன்பாட்டில் உயிரோடு வைத்திருப்பவர்கள் நடிகர்கள் அல்ல. 1960களில் உலகமே தொப்பியைக் கழற்றிய பிறகும், வைதீக யூத ஆண்கள் அகன்ற விளிம்புள்ள கறுப்பு போர்சலினோவை விடவில்லை. ஜெருசலேமிலும் புரூக்ளினிலும் மழை வந்தால் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்வார்கள். பார்க்க எப்படி இருந்தாலும், அதுவே சரியான பராமரிப்பு. தூறலை நல்ல ஃபெல்ட் தாங்கும். ஆனால் தொப்பி ஊறிப்போய்விட்டால், தோல் பட்டையை வெளியே திருப்பி அதன்மேல் தொப்பியை நிற்கவைத்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம்.

தூசிக்கு மென்மையான குதிரைமுடி பிரஷ் போதும். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் தேய்க்க வேண்டும், ரோமம் படிந்திருப்பது அப்படித்தான். கறுப்புக்கும் வெளிர் நிறத்துக்கும் தனித்தனி பிரஷ். நெளிந்த விளிம்புக்குக் கெட்டில் ஆவியை ஒரு சாண் தூரத்தில் பத்து விநாடி காட்டி, கையால் நீவினால் போதும். அதிகமாகக் காட்டினால் விறைப்பு போய்விடும்.

தினசரிக்கு அடர் நிறமே வாங்குங்கள். வெளிர் சாம்பலில் ரிப்பனுக்கு மேல் வியர்வையின் உப்புக் கோடு ஏறிவிடும், அது லேசில் போகாது. பனாமா வைக்கோல் ரகம் கிள்ளுவதை இன்னும் குறைவாகத்தான் தாங்கும்.

பழையது வாங்குவதானால் தொப்பியை ஜன்னல் பக்கம் தூக்கி, உள்ளே கண் வைத்து முன்குழிகளைப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். குழிகள் நன்றாக இருந்து தோல் பட்டை மட்டும் கிழிந்திருந்தால் தாராளமாக வாங்கலாம். அது தைத்த பட்டைதான், பிரித்துப் புதியது தைக்கலாம்.