ஐ3-12100, ரைசன் 5600ஜி: ஒரே வீட்டில் இரண்டும்

கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க முடியாதவர், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் புரோசசராக இன்டெல் வாங்குவதா, ஏஎம்டி வாங்குவதா? எங்கள் வீட்டில் இரண்டும் ஓடுகின்றன. என்னுடையது இன்டெலின் ஐ3-12100, தம்பியுடையது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி. இரண்டையும் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில்தான் வாங்கினோம்.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே கல்வெட்டு (இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அச்சிடும் நினைவுப் புத்தகம்), நினைவு மலர், திருமண அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கல்வெட்டுக்குத் தவணை சொல்ல முடியாது; 31ஆம் நாள் காலையில் புத்தகம் வந்தாக வேண்டும். ஆனால் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கடைசி இரவு வரை படங்கள் வந்துகொண்டே இருக்கும். பேரப்பிள்ளைகளின் படம் ஒன்றை நடுவில் செருகினால் தேவாரமும் வாழ்க்கை வரலாறும் அடுத்த பக்கங்களுக்குத் தள்ளிப்போகும். பழைய கணினியில் அந்த நேரம் திரை உறைந்து நிற்கும். இப்போது மவுஸை விட்டதுமே பக்கங்கள் ஒழுங்காகிவிடுகின்றன. இப்படிப்பட்ட வேலையில் பெரும்பாலும் ஒரு கோரின் (புரோசசருக்குள் கணக்கிடும் பகுதி) வேகம்தான் பேசும். ஐ3-இல் நான்கு கோர்களே இருந்தாலும் ஒவ்வொன்றும் கெட்டிக்காரக் கோர்.

தம்பி திருமண வீடியோ வெட்டி ஒட்டுகிறான், இரவில் கேம் விளையாடுகிறான். அவனுக்கு 5600ஜியின் 6 கோரும் 12 திரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) தேவைதான். கேமில் அதன் உள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸுக்கு முன், என்னுடைய ஐ3-இன் யுஎச்டி 730 கிராபிக்ஸ் நிற்கவே முடியாது. ஆனால் வேகாவுக்கென்று தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. கடையில் 16 ஜிபி ரேம் ஒன்றை எடுத்து வைத்தார்கள். "அண்ணா, 8 ஜிபியாக இரண்டு தாருங்கள்" என்று தம்பி மாற்றி வாங்கினான். இரண்டு ரேம் போட்டால்தான் அந்த கிராபிக்ஸ் முழு வேகத்தில் ஓடும்.

குறைந்த விலையில் இப்படித் தெரிவு செய்ய முடிவதே போட்டியால்தான். 2017 தொடக்கத்தில் வந்த ஐ3-7100 வரை, மேசைக் கணினிக்கான ஐ3 என்றால் இரண்டு கோர்தான். அந்த ஆண்டு நடுப்பகுதியில் ஏஎம்டி நான்கு கோருடன் ரைசன் 3-ஐ இறக்கியது. ஆண்டு முடிவதற்குள் ஐ3-8100 நான்கு கோருடன் வந்துவிட்டது. அத்தனை வருடம் எங்களைப் போன்றவர்களை இரண்டு கோரோடு காக்க வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏஎம்4 போர்ட்டுகள் (ரைசன் பொருந்தும் மதர்போர்டுகள்) விஷயத்திலும் ஏஎம்டிக்கு நன்றி சொல்ல வேண்டும்: 2017இல் வாங்கிய பல போர்ட்டுகளில் பயோஸை (போர்ட்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசைப் புரோசசரும் வேலை செய்கிறது. டொலர் ஏறி இறங்கும் நாட்டில் போர்ட்டை மாற்றாமல் சமாளிப்பது பெரிய ஆறுதல்.

எழுத்து, கணக்கு, பக்க வடிவமைப்பு என்றால் ஐ3. வீடியோவோ கேமோ இருந்தால் 5600ஜி. ஐ3 வாங்குகிறவர்கள் பில்லில் மாடல் எண்ணை முழுதாக எழுதச் சொல்லுங்கள். 12100எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் போடாமல் திரையில் எதுவும் வராது.