மூன்று நிற பிரம்மாக்கள்: அடைமுட்டை வாங்கிய பண்ணை பற்றி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின்

பிரம்மா கோழி வாங்குபவர்களில் பலர், குஞ்சு பொரித்த ஒரு மாதத்திலேயே பண்ணையைப் பாராட்டியோ பழித்தோ எழுதிவிடுகிறார்கள். இந்த இனத்தைப் பொறுத்தவரை அது மிகவும் அவசரமான தீர்ப்பு. முதல் முட்டைக்கே ஆறேழு மாதங்களும், உடற்கட்டு நிறைவதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளும் எடுத்துக்கொள்ளும் பறவையின் தரம், பஞ்சு உருண்டையாக இருக்கும்போது யாருக்கும் தெரியாது. ஒரு தனியார் பண்ணையிலிருந்து லைட், டார்க், பஃப் ஆகிய நிறங்களில் எட்டெட்டாக 24 அடைமுட்டைகளையும், பிறகு நீலம் கலந்த சாம்பல் நிறமான புளூவில் ஒரு ஜோடியையும் வாங்கிய நான், அந்தப் பறவைகள் வளர்ந்து இரண்டு கண்காட்சிகளுக்குச் சென்று வந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முட்டைகளை அனுப்பிய விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வொரு முட்டையும் தனித்தனி நுரைக்குழியில் கூர்முனை கீழாக வைக்கப்பட்டிருந்தது. இட்ட தேதி ஓட்டின் மீது பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. எந்த முட்டையும் ஐந்து நாளுக்கு மேற்பட்டதாக இல்லை. பயணத்தில் குலுங்கிய முட்டைகளை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்த பிறகே இன்குபேட்டரில் அடுக்கினேன். ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்தபோது மூன்றில் மட்டுமே கரு கூடியிருக்கவில்லை. பின்புறத் தூவி அடர்ந்த இந்த இனத்தில் இணைசேர்தல் பல சமயம் வீணாகிவிடும் என்பதால், தாய்ப்பறவைகளின் கழிவாய்ப் பகுதித் தூவியைக் கத்தரித்துவிடுவதாகப் பண்ணையார் சொல்லியிருந்தார். அந்தக் கவனத்தின் பலன் தெரிந்தது. 21ஆம் நாள் முடிவில் 17 குஞ்சுகள் கிடைத்தன.

லைட் நிறத்தில் இந்தப் பண்ணையின் உழைப்பு எனக்கு முழு நிறைவைத் தந்தது. வெண்மையான உடல், கறுத்த வால், ஒவ்வொரு கழுத்திறகின் நடுவிலும் கறுப்புப் பட்டை, அந்தப் பட்டையைச் சுற்றி அறுபடாமல் ஓடும் வெள்ளை விளிம்பு என்று எதிர்பார்க்கும் அனைத்தும் ஐந்து பறவைகளில் நான்கில் சரியாக அமைந்தன. புருவம் சற்றே முன்தள்ளிய அகன்ற தலையும், மூன்று வரிசையாகத் தாழ்ந்து அமர்ந்த பட்டாணிக் கொண்டையும் பழைய வம்சத்தின் அடையாளங்கள். அமெரிக்கத் தர விதிகள் லைட் சேவலுக்குச் சொல்லும் 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ எடையை என் சேவல் இன்னும் எட்டவில்லை. இரண்டு வயதில் ஐந்து கிலோவைத் தொட்டிருக்கிறது. கணு மூட்டிலிருந்து விறைப்பாகப் பின்னோக்கி நீளும் இறகுகள் ஒரு பெட்டையில் மட்டும் தென்பட்டன. பிரம்மாவுக்கு இது பெருங்குறை என்பதால் அதைக் கண்காட்சிக்கோ இனப்பெருக்கத்துக்கோ நான் பயன்படுத்தவில்லை.

டார்க் நிறத்தில்தான் என் மனக்குறை தொடங்குகிறது. இந்த வகையில் சேவலும் பெட்டையும் இரண்டு வேறு இனங்களோ என்று எண்ணும் அளவுக்கு வேறுபட்டிருக்கும். சேவலுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் வெள்ளி, மார்பு முழுவதும் கலப்பற்ற கறுப்பு. பெட்டையின் அழகோ அதன் வரிகளில் இருக்கிறது. நல்ல டார்க் பெட்டையின் மார்பிறகு ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெயிலில் பாருங்கள்: சாம்பல் நிறத் தரையில், இறகின் வடிவத்தையே பின்பற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு மெல்லிய கறுப்புக் கோடுகள் வளைந்து செல்லும். கோடு எங்கும் உடையக் கூடாது. ஒன்றோடொன்று கலங்கவும் கூடாது. கூர்மையான எழுதுகோலால் வரைந்ததைப் போன்ற அந்த ஒழுங்குக்காகவே நான் டார்க் முட்டைகளைக் கேட்டேன். பண்ணையார் அனுப்பிய படத்தில் இருந்த பெட்டையும் அப்படித்தான் இருந்தது.

எனக்குக் கிடைத்த ஆறு டார்க் பறவைகளில் இரண்டு சேவல்களும் சிறப்பாக வளர்ந்தன. அவற்றின் மார்பில் ஒரு வெள்ளைப் புள்ளி கூட இல்லை. நான்கு பெட்டைகளின் வரிகள் மட்டும் புகை படிந்ததுபோல் மங்கி, முதுகில் வெறும் தூசுப் புள்ளிகளாகச் சிதறிவிட்டன. இதற்குக் காரணம் தீவனமோ வளர்ப்போ அல்ல. சேவலின் கறுப்பு மார்பையும் பெட்டையின் தெளிந்த வரியையும் ஒரே ஜோடியிடமிருந்து பெறுவது மிகவும் கடினம் என்பதால், அனுபவமுள்ளவர்கள் டார்க் பிரம்மாவில் சேவலுக்கு ஒரு வழி, பெட்டைக்கு ஒரு வழி என இரண்டு தொகுதிகளைத் தனித்தனியாகப் பராமரிக்கிறார்கள். பெட்டை வழியில் பிறக்கும் சேவல்களின் மார்பில் வெள்ளை கலந்திருக்கும். சேவல் வழியில் பிறக்கும் பெட்டைகளின் வரி மங்கியிருக்கும். எனக்கு வந்தவை சேவல் வழி முட்டைகள், படத்தில் இருந்ததோ பெட்டை வழிப் பறவை என்பதைப் பின்னர் நான் கேட்ட பிறகே பண்ணையார் ஒப்புக்கொண்டார். முட்டை கேட்கும்போதே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றரை ஆண்டு மிஞ்சியிருக்கும்.

பஃப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லைட்டின் அதே அமைப்பு, வெண்மைக்குப் பதில் பொன்னிறம். நிறம் உடல் முழுவதும் சமமாக இருந்தது. உருவம் மட்டும் லைட்டைவிடச் சற்றுச் சிறியது.

புளூ ஜோடி விஷயத்தில் நேர்ந்ததைப் புதியவர்களுக்காக விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு புளூக்களைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் புளூவாகவே பிறக்கும் என்று உறுதி கூறி விற்றார்கள். அது தவறு. புளூவும் புளூவும் சேர்ந்தால் சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் புளூவாகவும், கால்பங்கு கறுப்பாகவும், மீதிக் கால்பங்கு வெளிறிய உடலில் கறைகள் தெறித்த ஸ்பிளாஷாகவும் பிறக்கும். எனக்குப் பொரித்த 11 குஞ்சுகளில் ஐந்தே புளூ. எல்லாமே புளூவாக வேண்டுமென்றால் கறுப்பையும் ஸ்பிளாஷையும்தான் இணைக்க வேண்டும். லைட்டும் டார்க்கும் 1874இலும், பஃப் 1924இலும் அமெரிக்கத் தர நூலில் ஏற்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்தப்பட்டவை. புளூவை அவற்றோடு ஒரே வரிசையில் வைத்து விற்பவருக்கு, அதன் மரபியலை விளக்கும் கடமை கூடுதலாகவே இருக்கிறது.

பறவைகளுடன் அனுப்பிய பராமரிப்புக் குறிப்புக்காகப் பண்ணையாருக்கு மனமார நன்றி சொல்வேன். கனத்த உடலோடு உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபட்டுப் புண்ணாகும் என்பதால், அமர்கோலைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் வைக்கச் சொல்லியிருந்தார்கள். கம்பித் தரை கூடாது, காய்ந்த மரச்சீவலால் ஆன ஆழ்கூளம் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். கால் விரல் வரை இறகு மூடியிருப்பதால், செதில்களுக்கு அடியில் புகும் உண்ணி கண்ணில் படாமலே பெருகிவிடும்; இறகை ஒதுக்கி வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை என் பஃப் சேவலைக் காப்பாற்றியது. இரண்டு செதில்கள் தூக்கி நின்றதைத் தொடக்கத்திலேயே கண்டு, காலை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்து வாஸ்லைன் களிம்பு தடவியதில் சரியாகிவிட்டது.

கண்காட்சிக்குத் தயார்ப்படுத்துவது பற்றி அந்தக் குறிப்பில் ஒன்றும் இல்லை. அதை நானே கற்றுக்கொண்டேன். வெயில் நேரடியாகப் பட்டால் லைட்டின் வெண்மை மஞ்சள் பாரித்துவிடுவதால், இறகு முளைக்கும் காலம் முழுவதும் நிழலில் வைத்தேன். மூன்று நாளுக்கு முன்பு வெதுவெதுப்பான சோப்பு நீரில் சேவலை இறக்கியபோது முதலில் திமிறியது. பிறகு கண்களைப் பாதி மூடிக்கொண்டு என் கையின் மீது தலையைச் சாய்த்துவிட்டது. விரலிடுக்குகளைப் பல் துலக்கும் மென்தூரிகையால், இறகு செல்லும் திசையிலேயே தேய்க்க வேண்டும். எதிர்த்திசையில் ஒருமுறை தேய்த்துவிட்டு, நடுவிரலின் குருத்திறகு ஒன்று முறிந்து ரத்தம் கசிந்ததைப் பார்த்து நான் பதறிப்போனேன். கண்காட்சியில் அந்தச் சேவலுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. விரலில் விழுந்த அந்த இடைவெளியை நடுவர் சுட்டிக்காட்டினார்.

வரும் பருவத்துக்கு இதே பண்ணையில் 12 லைட் முட்டைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். டார்க்கில் பெட்டை வழி முட்டைகள் மட்டும் வேண்டும் என்றும், அவற்றை இட்ட பெட்டைகளின் மார்பிறகுகளில் இரண்டை உறையில் இட்டு முன்னதாக அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இறகுகளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே டார்க்குக்குச் சம்மதம் சொல்வேன்.