கம்பெனி இன்டர்ன்ஷிப்பா, ஆராய்ச்சியா, ஃப்ரீடம் ஸ்கூலா? ஒரு கறுப்பின மாணவியின் கோடைக்காலக் கணக்கு

ஜார்ஜியாவில், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரி ஒன்றில் நான் வேதியியல் நடத்துகிறேன். அமெரிக்கா முழுக்க இப்படி நூறு கல்லூரிகள்போல உண்டு, ஹெச்.பி.சி.யு. என்று சுருக்கிச் சொல்வார்கள். பிப்ரவரி பிறந்தால் என் அறைக்கு வரும் பிள்ளைகள் கேட்பது பாடத்தில் சந்தேகம் இல்லை, "இந்தக் கோடைக்கு எதை எடுப்பது?" என்பதுதான். போன வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு மூன்று வாய்ப்புகள் அடுத்தடுத்து வந்தன. வடக்கே ஒரு பெருநகரத்தில் கம்பெனி இன்டர்ன்ஷிப், இன்னொரு பல்கலைக்கழகத்தில் பத்து வார ஆராய்ச்சி, சொந்த ஊரில் ஃப்ரீடம் ஸ்கூல் என்ற குழந்தைகளுக்கான கோடைப் பள்ளியில் ஆசிரியை வேலை. இருவரும் உட்கார்ந்து பேசி ஆராய்ச்சியை எடுத்தோம். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். எங்களை மாதிரி அமெரிக்கக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர், அவர்களுக்கும் பயன்படட்டும்.

கம்பெனி இன்டர்ன்ஷிப்பின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சம்பளம் அதிகம், ரெஸ்யூமேயில் பெரிய பெயர் ஏறும், நன்றாகச் செய்தால் படிப்பு முடியும் முன்பே வேலைக்கான ஆஃபர் கைக்கு வந்துவிடும். கறுப்பினப் பிள்ளைகளை இந்தக் கதவு வழியே உள்ளே அனுப்புவதற்கென்றே அமைப்புகள் தோன்றின. 1970-ல் சிகாகோவில் ஃப்ராங்க் கார் தொடங்கிய இன்ரோட்ஸ் அதில் ஒன்று. நியூயார்க்கில் 1963-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த எஸ்.ஈ.ஓ., 1980 முதல் கல்லூரி மாணவர்களை வால் ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பிவருகிறது. நேர்காணலுக்கு எப்படிப் பேசுவது, அலுவலகத்தில் யாரிடம் எதைக் கேட்பது என்றெல்லாம் இவர்கள் பயிற்சி தருகிறார்கள். வீட்டில் யாருமே அலுவலக வேலை பார்த்திராத பிள்ளைக்கு அது பெரிய உதவி.

ஆராய்ச்சிப் பக்கம் வழிகள் அதிகம். அறிவியல் மாணவர்களுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுக்கும் ஆர்.ஈ.யு. கோடைத் திட்டங்கள். அப்புறம் மெக்நேர் ஸ்காலர்ஸ், வசதி குறைந்த பிள்ளைகளை முனைவர் படிப்புக்குத் தயார் செய்யும் அரசுத் திட்டம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்த ரொனால்ட் மெக்நேரின் பெயரில் நடப்பது. அவர் வட கரோலினாவின் ஏ அண்ட் டி என்ற கறுப்பினக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். மெக்நேர் ஸ்காலர் என்றால் பல பல்கலைக்கழகங்கள் மேற்படிப்பு விண்ணப்பக் கட்டணத்தையே தள்ளுபடி செய்துவிடும். வரலாறு, இலக்கியம், மானுடவியல் படிப்பவர்களுக்கு 1988-ல் தொடங்கிய மெலன் மேஸ் ஃபெலோஷிப் இருக்கிறது. அந்தப் பெயரில் உள்ள பெஞ்சமின் மேஸ், அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் என்ற கறுப்பினக் கல்லூரிக்கு 1940 முதல் 1967 வரை தலைவராக இருந்தவர், மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசான். 1936 கடைசியில் வார்தாவுக்கே போய்க் காந்தியோடு பேசியவர். இதைச் சொன்னால் என் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள், எனக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

மூன்றாவது, ஃப்ரீடம் ஸ்கூல். 1964 கோடையில் மிசிசிப்பியில் வாக்குரிமைப் போராட்டத்தின் பகுதியாக, தேவாலயங்களிலும் மரத்தடியிலும் கறுப்பினக் குழந்தைகளுக்கு நடத்திய பள்ளிகளின் தொடர்ச்சி இது. ஸ்பெல்மன் கல்லூரியில் படித்த மேரியன் ரைட் எடல்மன் 1973-ல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற குழந்தைகள் நல அமைப்பு, தொண்ணூறுகளில் அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தது. கல்லூரி மாணவர்கள்தான் ஆசிரியர்கள். காலையில் பாட்டும் கோஷமுமாகத் தொடங்கி, கறுப்பின வாழ்க்கையைச் சொல்லும் கதைப் புத்தகங்களைக் குழந்தைகளோடு சேர்ந்து படிப்பார்கள். தொண்டு என்றாலும் உதவித்தொகை உண்டு. ஆசிரியராகப் போகிறவர்கள், சமூகப் பணி படிப்பவர்கள் இதைத் தாண்டி வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை என்பேன்.

சரி, முடிவைத் தீர்மானித்தது எது? தங்குமிடம். அதிலும் முதல் சம்பளம் வருவதற்கு முந்தைய வாரங்களின் செலவு.

மே மாதம் கல்லூரி விடுதியை மூடிவிடுவார்கள். கம்பெனி இருக்கும் நகரத்தில் இரண்டரை மாதத்துக்கு அறை தேட வேண்டும். வாடகை மாதம் 1,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை, அதே அளவு டெபாசிட், ஆக 3,600 டாலரைச் சாவி வாங்கும்போதே கொடுக்க வேண்டும். கிரெடிட் வரலாறு பார்ப்பார்கள், இருபது வயதுப் பெண்ணுக்கு அது இருக்காது. உடன் கையெழுத்துப் போட நல்ல வருமானம் உள்ள ஆள் கேட்பார்கள். விமான டிக்கெட், அலுவலகத்துக்கு இரண்டு செட் உடை, ரயில் பாஸ். முதல் சம்பளமோ வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான். இடமாற்றத் தொகை தருவதாக அந்தக் கம்பெனியும் சொன்னது, ஆனால் முதல் சம்பளத்தோடுதான் தருமாம். தேவைப்படும் நாளில் கையில் இல்லாத பணத்தால் என்ன பயன்? எங்கள் கல்லூரியில் பெரும்பாலானவர்கள் பெல் கிராண்ட் என்ற, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை வாங்கிப் படிப்பவர்கள். வீட்டிலிருந்து நாலாயிரம் டாலர் புரட்டித் தர யாருமில்லை. வசதியான வீட்டுப் பையனுக்கு இது ஒரு ஃபோன் காலில் முடிகிற விஷயம். இவளுக்கு வாய்ப்பே இதில் நின்றுபோகும். வாய்ப்புகளைப் பற்றிய அறிவிப்புகளில் சம்பளத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள், இந்த இடைவெளியை ஒருவரும் எழுதுவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கடைசியில் மிஞ்சுவதையும் போட்டுப் பார்த்தோம். கம்பெனியில் மணிக்கு 25 டாலர் என்றால் பத்து வாரத்துக்கு 10,000. பிடித்தம் போக எட்டரையாயிரம். வாடகை 4,500, சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 1,500. மிச்சம் 2,500. ஆராய்ச்சித் திட்டத்தில் வாரம் 600 டாலர், மொத்தம் 6,000. அவளுக்கு வந்ததில் விடுதி இலவசம், பயணச் செலவும் அவர்களுடையது. சாப்பாட்டுக்கு ஆயிரம் போனாலும் ஐயாயிரம் கையில் நிற்கும். இந்த வகை ஸ்டைபெண்டில் பெரும்பாலும் வரியை முன்கூட்டிப் பிடிக்க மாட்டார்கள், அடுத்த ஏப்ரலில் வரி கட்டுவதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். அப்படியும் ஆராய்ச்சியில்தான் அதிகம் மிஞ்சுகிறது.

ஃப்ரீடம் ஸ்கூலில் தொகை குறைவு, ஆனால் சொந்த ஊர், அம்மா வீடு, வாடகையே இல்லை. இந்தக் கணக்கில் அது கம்பெனியோடு சரிக்குச் சரி நிற்பதைப் பார்த்து அவளே ஆச்சரியப்பட்டாள். முனைவர் படிப்பில் ஆசை இல்லாமல் இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பாள். ஆராய்ச்சிக்குச் சாதகமாக இன்னொன்றும் இருந்தது: வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் பத்து வாரம் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதும் பரிந்துரைக் கடிதம். நான் எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

நான் வாத்தியார், ஆய்வகம்தான் என் உலகம். அதனால் என் சாய்வு இயல்பானது. வங்கித் துறை எனக்குத் தூரம். அங்கே போன மாணவர்கள் சிலர் முதல் வருடமே என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள், அதை மறைக்க முடியாது. கம்பெனியே தங்குமிடம் தந்தாலோ, அதே நகரத்தில் சித்தி, மாமா யாராவது இருந்தாலோ என் கணக்கு தலைகீழாகிவிடும். கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடை, உடனே வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நிலை இருந்தால் கம்பெனிக்கே போகச் சொல்வேன்.

இன்னொரு எச்சரிக்கை. ஆராய்ச்சி வாய்ப்புகள் பலதும் கூட்டாட்சி அரசின் பணத்தில் ஓடுபவை. 2025-ல் அந்தப் பணம் வெட்டப்பட்டபோது பல கோடைத் திட்டங்கள் ரத்தாயின. அமெரிகோர்ப்ஸ் என்ற அரசின் தொண்டுத் திட்டத்துக்கும் அதே வருஷம் ஏப்ரலில் சுமார் 40 கோடி டாலர் மானியம் நிறுத்தப்பட்டது. கடிதம் வந்துவிட்டது என்று இருந்துவிடாமல், நிதி உறுதியா என்று திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தடை போட்டதிலிருந்து, 'கறுப்பின மாணவர்களுக்கு' என்றிருந்த பல அறிவிப்புகள் 'முதல் தலைமுறை', 'குறைந்த வருமானம்' என்று மாறிவிட்டன. பழைய சொற்களை வைத்துத் தேடினால் பாதி கண்ணில் படாது.

ஆர்.ஈ.யு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் மூடிவிடும். பெரிய வங்கிகள் ஒரு வருஷத்துக்கு முன்பே ஆள் எடுத்து முடித்துவிடுகின்றன, அதனால் இரண்டாம் ஆண்டிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். ஆஃபர் எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கச் சொல்கிறேன்: தங்குமிடத்துக்கு யார் பணம் கட்டுவது? முதல் தொகை எந்தத் தேதியில் கணக்கில் விழும்?