வாத்து ஊதலுக்கும் வான்கோழிப் பெட்டிக்கும் யார் சொல்லும் தீர்ப்பு செல்லும்?

ஆட்டம் காணும் நாற்காலி தன் குறையைத் தானே சொல்லிவிடும். வேட்டைக்காரர்கள் பறவைகளை வரவழைக்கப் பயன்படுத்தும் மர அழைப்பான் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவில் கார் கொட்டகையின் ஒரு மூலையில் கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு வாத்துக்கும் வான்கோழிக்கும் அழைப்பான் செய்கிறவர்கள் பலர் உண்டு. கடைசலின் நேர்த்தியையும் மெருகையும் பித்தளை வளையத்தின் பொருத்தத்தையும் கண்ணே சொல்லிவிடும். ஆனால் எழும் ஒலி பெட்டை மல்லார்டு வாத்தினுடையதா, வாத்தைப் போலக் கத்த முயலும் மனிதனுடையதா என்பதை யாரிடம் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும் என்பதே அவர்கள் எல்லோருக்கும் பொதுவான சிக்கல். இக்கருவிகளை அங்கே ‘கால்’ என்பார்கள். தமிழில் அப்படியே எழுதினால் அது வாத்துக்காலாகிவிடும் என்பதால், வாயால் ஊதுவதை ஊதல் என்றும் மூடியை உரசி ஒலியெழுப்புவதைப் பெட்டி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கருத்துக் கேட்பது ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பது கருவியின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். ஊதலின் குழலுக்குள் செருகப்படும் அடைப்பானில் ஒரு சிறு பலகை செதுக்கப்பட்டிருக்கும், அதன்மேல் 0.010 அல்லது 0.014 அங்குலத் தடிமனுள்ள மைலார் என்ற பிளாஸ்டிக் தகட்டு நாக்கை வைத்துத் தக்கைத் துண்டால் இறுக்குவார்கள். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, ஊதலுக்கு இந்த நாக்கு அப்படி. நாக்கின் நுனியை நூலிழை அளவு நறுக்கினாலும், பலகையின் வளைவை இரண்டு முறை உப்புத்தாளால் தேய்த்தாலும் குரல் மாறிவிடும். ஆர்கன்சா மாநிலத்தின் டார்டனெல்லைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்ற வான்கோழிப் பெட்டியின் வழிவந்தவற்றிலும் இதே கதைதான்: பக்கப் பலகையின் விளிம்பைச் சற்று அதிகமாகச் சீவிவிட்டால், முதிர்ந்த பெட்டையின் கரகரப்பு போய்க் கீச்சுக் குரல் மட்டும் மிஞ்சும். குறை எங்கே இருக்கிறது என்று சொல்லாத பாராட்டு செய்கிறவருக்கு எந்த வகையிலும் உதவாது. பொத்தாம்பொதுவான கண்டனமும் அப்படியே.

வீட்டாரையும் நண்பர்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் மதிப்பிடுவது செய்தவரின் முகத்தை.

அடுத்தது செய்தவரின் சொந்தக் காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்ற பழமொழி இந்தத் தொழிலுக்கு நேரடியாகவே பொருந்தும் என்றாலும், இங்கே பாசத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ஊதலை வாயில் வைத்திருப்பவருக்கு ஒலி பற்கள் வழியாகவும் மண்டையெலும்பு வழியாகவும் சேர்ந்தே வருவதால், ஐம்பது கெஜம் தள்ளி எதிரில் நிற்பவர் கேட்பதை அவரால் கேட்கவே முடியாது. பதிவு செய்து கேட்பது இதற்கு மாற்று. கைப்பேசிகள் ஒலியளவைத் தாமாகவே ஏற்றி இறக்கிச் சமன்படுத்துவதால், உரத்த கூப்பிடு குரலுக்கும் தரையில் இரை பொறுக்கும் வாத்தின் முணுமுணுப்புக்கும் உள்ள வேறுபாடு பதிவில் சுருங்கிவிடும். இந்தத் தானியங்கிச் சமன்படுத்தலை நிறுத்தக்கூடிய சிறு ஒலிப்பதிவுக் கருவியை எதிரே தொலைவில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதை உண்மையான பறவையின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். நியூயார்க் மாநிலம் இத்தாக்காவில் உள்ள கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்தில் மல்லார்டு, காட்டு வான்கோழி இரண்டின் குரல்களும் உள்ளன. செலவில்லாத, முகத்தாட்சணியம் பார்க்காத வழி இது. ஆனால் குறையைக் காட்டுமே தவிர அதற்கான காரணத்தைக் காட்டாது.

காரணத்தைச் சொல்லக்கூடியவர் சக கைவினைஞர் மட்டுமே. ஊதலைப் பிரித்து வெளிச்சத்தில் பலகையைப் பார்த்த மாத்திரத்திலேயே, நடுவில் மேடு விழுந்திருக்கிறது, தக்கை முன்தள்ளி இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். வேறு எவரிடமும் கிடைக்காத உதவி இது. ஆனால் அவருடைய காது ஒரு மரபில் பழகியது. ஆர்கன்சா மரபில் வந்தவருக்கு, டென்னசியின் ரீல்ஃபுட் ஏரி வட்டாரத்து உலோக நாக்கு ஊதல் காதைக் கிழிப்பதாகத் தோன்றும்; உலோக நாக்கிலேயே வளர்ந்தவருக்கு ஆர்கன்சா ஊதல் காற்றை எதிர்த்து நிற்காத குரலாகத் தோன்றும். லூசியானாச் சதுப்பில் நாணல் குழலில் பழகியவர் இரண்டையுமே தேவைக்கு மேற்பட்ட சத்தம் என்று ஒதுக்கக்கூடும். ஆகவே, அவருடைய ‘நன்றாக இல்லை’ என்பதை ‘எங்கள் ஊர் ஒலி இல்லை’ என்று மொழிபெயர்த்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். போட்டியாளர் என்பதால் பொய் சொல்வார் என்ற அச்சம் எனக்குப் பெரிதாக இல்லை. பொய்யைவிட, தொழில் மரியாதைக்காகப் பாதியை விழுங்கிவிடுவதே இவர்களிடம் அதிகம்.

போட்டிகள் அந்த மரியாதையை அறுத்துவிடுகின்றன. ஆனால் எந்தப் போட்டி எதை மதிப்பிடுகிறது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் நகரில் 1936 முதல் நடந்துவரும் உலக வாத்து அழைப்புப் போட்டியில் நடுவர்கள் போட்டியாளரைப் பார்க்க முடியாதபடி மறைவில் இருப்பார்கள். முதல் போட்டிக்கான பரிசு 6.60 டாலர் மதிப்புள்ள வேட்டைக் கோட்டு. இன்றைய பரிசுகளோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். மறைவில் கேட்பது நேர்மைக்குச் சிறந்த ஏற்பாடுதான், ஆனால் அங்கே மதிப்பெண் பெறுவது ஊதுபவரின் மூச்சும் நாவன்மையும். தொண்ணூறு வினாடிக்குள் உச்சக் குரலிலிருந்து முணுமுணுப்புவரை எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருப்பதால், மேடைக்கான ஊதல்கள் உரக்கவும் கூர்மையாகவும் ஒலிக்கும்படி அமைக்கப்படுகின்றன. வெள்ளம் நிற்கும் மரக்காட்டில், தலைக்கு மேல் முப்பது கெஜத்தில் சுற்றும் வாத்துக்கு அதே ஊதலை ஊதினால் அது விலகிப் போவதே இயல்பு. கருவியையே மதிப்பிட வேண்டுமென்றால் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு நடத்தும் அழைப்பான் செய்வோருக்கான போட்டி பொருத்தமானது. 1973இல் தொடங்கி, தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பின் போட்டியில் வேட்டைக்கான அழைப்பான்களும் அலங்கார அழைப்பான்களும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. சேகரிப்பாளர்களின் பாராட்டு பெரும்பாலும் இரண்டாவது வகைக்கே உரியது என்பதால், அவர்கள் தரும் விலையை ஒலிக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் வகையில் கிடைக்கும் இடம் நம்பத்தக்கது. ஆனால் பதினேழாவது இடம் என்று தெரிந்துகொண்டவருக்கு, எந்தப் பலகையைச் சீவ வேண்டும் என்பது அதிலிருந்து தெரியாது.

பறவைதான் இறுதி நீதிபதி என்று வேட்டைக்காரர்கள் விடாப்பிடியாகச் சொல்வார்கள். நான் இதை ஏற்பதில்லை. வசந்த காலத்தில் சேவல் வான்கோழி ஆந்தையின் அலறலுக்கும், காகத்தின் கரைதலுக்கும், இடிக்கும், கார்க் கதவை அறைந்து சாத்தும் ஓசைக்கும்கூடப் பதில் குரல் கொடுக்கும். ஆக, பெட்டியை உரசியதும் அது குரல் கொடுத்தது என்பது பெட்டியைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. மறுபுறம், பெட்டைகள் சூழ நிற்கும் சேவல் எவ்வளவு சிறந்த பெட்டியைக் கேட்டாலும் அசையாமல் நிற்கும். வாத்து விஷயத்தில் கணக்கு இன்னும் குழம்பிப் போகிறது. கனடாவின் எல்லையிலிருந்து தெற்கு நோக்கி வரும் வழியெங்கும் ஊதல்களைக் கேட்டுப் பழகிவிட்ட ஜனவரி வாத்து, நவம்பரில் வரும் வாத்தைப் போல ஏமாறாது. காற்றின் திசை, நீரில் மிதக்கவிட்ட பொம்மை வாத்துகளின் அசைவு, மறைவிடத்தின் நிழல் என்று வேறு பல காரணங்களும் கூடவே கலந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் வாத்து இறங்கியது ஊதலால்தான் என்று அடித்துச் சொல்பவர் தன் ஆசையைச் சொல்கிறார். பறவைக்கு ஒரே ஒரு பெரிய தகுதி உண்டு, அதற்கு நம்மோடு உறவு இல்லை. ஆனால் அது என்ன கேள்விக்குப் பதில் சொன்னது என்பது நமக்குத் தெரிவதில்லை.

காட்டுக்கும் சதுப்புக்கும் போனால்தான் தெரியும் குறைகள் இல்லாமலில்லை. கொட்டகையில் ஐந்து நிமிடம் ஊதிப் பார்த்தபோது சுத்தமாக ஒலித்த ஊதல், இரண்டு மணி நேரம் எச்சில் ஊறிய பிறகு நாக்கு பலகையோடு ஒட்டி ஊமையாகிவிடலாம். நாக்கின் மூலைகளைச் சிறிது நறுக்கிவிடுவது இதற்கான வழக்கமான வைத்தியம். மரக்குழல் ஈரத்தில் உப்பி அடைப்பானைக் கழற்ற விடாமல் கவ்விக்கொள்ளும். சாக்பீஸ் தடவிய மூடி நனைந்த காலையில் வழுக்கி, பெட்டி ஓசையே எழுப்பாது. இவற்றைச் சொல்லக்கூடியவர் பறவையல்ல, கருவியைப் பயன்படுத்துகிற வேட்டைக்காரர்.

அதிலும் காசு கொடுத்து வாங்கியவருக்கும் இலவசமாகப் பெற்றவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. இலவசமாகப் பெற்றவர் நன்றி சொல்வார். நூறு டாலர் கொடுத்தவர், நாக்கு ஒட்டுகிறது என்று முதல் வாரத்திலேயே எழுதுவார். அதைவிட நேர்மையானது அவர் வாயே திறக்காமல் செய்யும் ஒன்று: அடுத்த பருவத்துக்கு முன் இன்னொன்றை வாங்குகிறாரா, தம்பிக்கென்று ஒன்றைக் கேட்கிறாரா என்பது. இந்தப் பதில் வந்துசேர ஓராண்டு ஆகும் என்பதுதான் இதிலுள்ள குறை. அதற்குள் அதே தவறோடு நாற்பது ஊதல்கள் கடைசலிலிருந்து இறங்கியிருக்கும்.

ஆகவே நான் முதலில் நாடுவது, அதிகம் பழகாத இரண்டு மூன்று வேட்டைக்காரர்களைக் கொண்டு செய்யும் மறைமுகச் சோதனையை. ஊதத் தெரிந்த ஒருவர் மரத்துக்குப் பின்னால் நிற்க, கேட்பவர்கள் எண்பது கெஜம் தள்ளி நிற்க வேண்டும். நம்முடைய ஊதல் இரண்டு, கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஊதல் ஒன்று, பெயர் பெற்ற கைவினைஞரின் ஊதல் ஒன்று என்று எண் மட்டும் ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஊதச் செய்யலாம். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில் வரும். ‘இவற்றில் ஒன்றை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால் எதை விடுவீர்கள்’ என்று கேட்டால் யோசித்துச் சொல்வார்கள். ஒரே ஊதலை வேறு எண்ணில் இரண்டாம் முறை ஊதச் சொல்வது என் சொந்தச் சேர்க்கை. முதல் முறை சிறந்தது என்றதை இரண்டாம் முறை மோசம் என்பவரின் அன்றைய தீர்ப்பை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் ஒதுக்கிய ஊதலை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் சக கைவினைஞரின் மேசை. அங்கேயும் யார் செய்தது என்று சொல்லாமல், பிரித்த நிலையிலேயே அவர் முன் வைப்பது நல்லது.