கட்டிய நிலையில் விற்கப்படும் பழைய லெகோ செட்டுகள்: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் லெகோ செட்டுகளில், உற்பத்தி நின்றுபோன பெரியது ஒன்றை, அத்தனை கட்டைகளும் அசல் என்ற எழுத்துபூர்வமான உறுதிமொழியின்பேரில், இணையவழி மறுவிற்பனையாளர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். வந்து சேர்ந்தது பாதி அசலும் பாதி போலியுமான ஒரு கட்டடம். போலிகள் கண்டபடி கலந்திருக்கவில்லை. எந்த இடத்தில் வைத்தால் தெரியாதோ அந்த இடத்தில் மட்டுமே, லெகோ கட்டுமானத்தை நன்றாக அறிந்த ஒருவரின் கையால், பார்த்துப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. இதே முறையில் இன்னும் சிலர் ஏமாந்திருக்கக்கூடும், அவர்களுக்கே அது இன்னும் தெரியாமலும் இருக்கக்கூடும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது 10185 என்ற எண் கொண்ட கிரீன் குரோசர். தெருவோரக் கட்டடங்களை அடுத்தடுத்துப் பொருத்திக்கொண்டே போகும் மாடுலர் வரிசையில், 2007இல் வந்த கஃபே கார்னருக்கு அடுத்த ஆண்டு வெளியானது. 2,352 துண்டுகள், மூன்று தளங்கள், கீழே மளிகைக் கடை, மேலே குடியிருப்பு. இவ்வரிசையில் உள்ளறைகளையும் முறையாக அமைத்துத் தந்த முதல் கட்டடமும் இதுதான்; மாடிப்படி அருகே நிற்கும் நெடுங்கடிகாரத்தை ஒருமுறை கட்டிப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2008இல் அமெரிக்காவில் இதன் விலை 149.99 டாலர். இன்று மறுவிற்பனைச் சந்தையில் அதைப்போல் பல மடங்கு கேட்கிறார்கள். அந்த விலைக்குப் பெரும் காரணம் மேல் தளங்களின் சுவர்களில் உள்ள சாண்ட் கிரீன் என்ற நிறம். சாம்பல் தூவியது போன்ற மங்கிய பச்சை அது. அக்காலத்தில் வெகு சில செட்டுகளில் மட்டுமே இந்த நிறக் கட்டைகள் வந்தன. ஆகவே இந்தச் சுவர்களை உதிரியாகச் சேர்க்க முயல்பவர்கள், ஒவ்வொரு நீளக் கட்டைக்கும் சாதாரண நிறக் கட்டையைப்போல் பல பங்கு விலை கொடுக்க நேரிடுகிறது. மோசடி செய்பவருக்கு லாபம் எங்கே இருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும். பெட்டியிலோ, செய்முறைப் புத்தகத்திலோ, கூரையிலோ கை வைக்க வேண்டியதில்லை; பச்சைச் சுவரைக் கழற்றி எடுத்தால் போதும்.

இங்கே இத்தகைய விற்பனையாளர்களை நாம் நாடுவதற்கும் காரணம் உண்டு. விளையாட்டுப் பொருள்களுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது; 2021 ஜனவரி முதல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் கட்டாயமானது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கவும் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் வந்த விதிகள் அவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயது வந்தவர்களுக்கான பெரிய செட்டுகள் பலவற்றை நம் ஊர்க் கடைகளில் காண்பதே அரிதாகிவிட்டது. நிறுத்தப்பட்ட செட் என்றால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டியை நம்ப வேண்டும், அல்லது மறுவிற்பனையாளரை நம்ப வேண்டும்.

விற்பனையாளர் காட்டிய படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி அசல், செய்முறைப் புத்தகம் அசல், அடிப்பலகை அசல். கட்டைகளைப் பிரித்துப் பைகளில் போட்டு அனுப்பும்படி நான் கேட்டபோது, "எதுக்கு சார் உங்களுக்கு அந்தச் சிரமம், மாடி மாடியா அப்படியே சுத்தி அனுப்பிடறேன், நீங்க ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா முடிஞ்சுது" என்று எழுதினார். அத்துடன் இரண்டு நிபந்தனைகள்: பணம் முழுவதையும் முன்னதாகவே வங்கிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும், வாங்கியவர் பிரித்துவிட்ட செட்டை விற்பனையாளர் திரும்பப் பெறமாட்டார். இரண்டாவது நிபந்தனை மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். பிரித்த செட்டில் வாங்கியவரே எதையாவது எடுத்துக்கொண்டு குறை சொல்லலாம் அல்லவா என்று அவர் கேட்டால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் கட்டிய நிலையில் அனுப்புவதும், பிரித்தால் பொறுப்பில்லை என்பதும் ஒன்றாகச் சேரும்போதுதான் பொறி முழுமையாகிறது.

ஏனென்றால் லெகோ கட்டையின் அடையாளம் அதன் மேற்புறக் குமிழ்களில் இருக்கிறது. ஒவ்வொரு குமிழின் தலையிலும் நிறுவனத்தின் பெயர் மிகச் சிறிய எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். சுவர் என்று கட்டிவிட்டால், ஒரு வரிசையின் குமிழ்கள் அதற்கு மேல் வரிசைக்குள் புகுந்து மறைந்துவிடும். கட்டைகளின் வழவழப்பான பக்கம் மட்டுமே வெளியே தெரியும், அதில் எந்தப் பெயரும் கிடையாது. என்னிடம் வந்த தளங்களில் மேல் விளிம்பாக அமைந்த வரிசை அசல். கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் கீழ் வரிசையும் அசல். சன்னல் அடியில் குமிழ் வெளியே தெரியும் கட்டைகளும் அசல். இடைப்பட்ட வரிசைகளில் ஏறக்குறைய எல்லாமே குமிழில் எழுத்தே இல்லாத போலிகள். தூசு போகக் கழுவி, புத்தகத்தின்படி மீண்டும் முதலிலிருந்து கட்டும் எண்ணத்தில் ஒரு தளத்தைப் பிரித்தபோதுதான் இது வெளிப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைப்பவராக இருந்தால் வாழ்நாள் முழுவதும் தெரிந்திருக்காது. பிரித்துக் கட்டுவதற்காக வாங்குகிறவர்கள் குறைவு, அடுக்கி வைப்பதற்காக வாங்குகிறவர்கள் அதிகம் என்ற நம் சந்தையின் நிலையை இந்த விற்பனையாளர் துல்லியமாகக் கணக்கிட்டிருக்கிறார்.

பிரிக்காமலே கண்டுகொள்ள வழிகள் உண்டா என்றால், சில உண்டு. ஆனால் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. முதலாவது அளவு. அசல் கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர், மெல்லிய தட்டுக்கட்டை மூன்று சேர்ந்தால் ஒரு கட்டையின் உயரம். போலிகளில் ஒரு கட்டைக்கு இருக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவே என்றாலும், பத்து வரிசை ஏறும்போது அது சேர்ந்துவிடும். 96 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சுவரை வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். அசலும் போலியும் கலந்த சுவரில், மூலைகளில் மயிரிழை அகலத்தில் இடைவெளி தோன்றும். என்னுடைய கட்டடத்தில் இரண்டாம் தளம் அதன் கீழ்த் தளத்தின்மீது சமமாக உட்கார மறுத்ததற்குக் காரணம் அதுவே. இரண்டாவது நிறம். வீட்டின் எல்.இ.டி. விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரு பச்சைகள், பகல் வெளிச்சத்தில் சன்னலருகே வைத்தால் பிரிந்து தெரியலாம். ஆனால் அசல் கட்டைகளிலேயே வார்த்த காலத்தைப் பொறுத்து நிறம் சற்று மாறும் என்பதாலும், வெயில் பட்ட பிளாஸ்டிக் மஞ்சள் பூக்கும் என்பதாலும், நிறத்தை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டுவது தவறாகப் போகலாம். மூன்றாவது எடை. இரண்டுக்கு நான்கு என்ற குமிழ்க் கணக்குள்ள அசல் கட்டை சுமார் 2.3 கிராம் எடையுள்ளது. துண்டுகள் குறைந்திருந்தால் மொத்த எடை காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் போலி எடையில் நெருங்கி வந்துவிடுவதால் இந்த மோசடிக்கு எடை அவ்வளவு உதவாது.

உறுதியான சான்று கட்டையைக் கையில் எடுத்தால்தான் கிடைக்கிறது. குமிழின் எழுத்து, அடிப்புறத்தில் வார்த்த அச்சு எண், பொருத்தும்போது கையில் உணரும் பிடிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செட்டுடன் வரும் மினிஃபிகர் என்ற குட்டி மனிதப் பொம்மைகளை இன்னும் கவனமாகப் பாருங்கள்: தலையைக் கழற்றினால் கழுத்து முளையின் மேலும், தலையின் உச்சிக் குமிழிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். எனக்கு வந்தவற்றில் உடல்கள் அசல், தலைகள் அசல், கால்கள் மட்டும் வேறு. ஒரு காலுக்கு என்ன பெரிய விலை வந்துவிடப் போகிறது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். கிடைத்ததையெல்லாம் சுரண்டும் பழக்கம் என்பதைத் தவிர வேறு விளக்கம் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். லெகோவுடன் பொருந்தும் கட்டைகளைப் பிறர் தயாரிப்பதை நான் குறை சொல்லவில்லை. 1958இல் பதிவான அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. கட்டையின் வடிவத்தையே வணிகக் குறியாகக் காத்துக்கொள்ள நிறுவனம் முயன்றபோது, 2005இல் கனடா உச்ச நீதிமன்றமும், 2010இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. தன் பெயரில் தன் வடிவமைப்பை விற்கும் வேறு நிறுவனத்தின் கட்டையை, அது வேறு நிறுவனத்தினுடையது என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கி மகிழ்பவர்களுடன் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஒரு செட்டின் வடிவமைப்பையும் பெட்டிப் படத்தையும் அப்படியே நகலெடுப்பது வேறு கதை. அப்படி லெப்பின் என்ற பெயரில் செய்துவந்தவர்களை 2019இல் ஷாங்காய் காவல்துறை கைது செய்தது, மறு ஆண்டு அவர்களுக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. அதையும் தாண்டிய மூன்றாவது வகை எனக்கு நேர்ந்தது: ஒரு கட்டடத்துக்குள் அசலையும் போலியையும் கலந்து, முழு அசலின் விலையை வாங்குவது.

குமிழ்களின் படங்களையும், பார்சலைத் திறந்ததிலிருந்து தளத்தைப் பிரித்தது வரை எடுத்த காணொளியையும் அனுப்பியபோது விற்பனையாளர் சொன்ன பதில்கள் நாளுக்கு நாள் மாறின. பழைய கட்டைகளில் எழுத்து தேய்ந்துவிடும் என்றார் முதலில். அது பொய், விளையாடித் தேய்ந்த கட்டையில் எழுத்து மங்கலாம், ஆனால் அருகிலுள்ள அசல் கட்டை புதிதுபோல் இருக்க, நடு வரிசை மட்டும் மொத்தமாகத் தேயாது. பிறகு தாமே வேறொருவரிடம் வாங்கியதாகச் சொன்னார். கடைசியில், நானே கட்டைகளை மாற்றிவிட்டுப் பழி போடுவதாகவும், தாம் வியாபாரி அல்லர், தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்றை விற்ற தனிமனிதர் என்றும் எழுதி, என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

தனிமனிதர் என்ற அந்த வாதத்தைக் கேட்டுப் பலர் அடங்கிவிடுகிறார்கள், அடங்கத் தேவையில்லை. விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15ஆம் பிரிவு. தொடர்ந்து விற்று லாபம் பார்ப்பவராக இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் முறையிடலாம்; முன்பு போல் விற்பனையாளரின் ஊருக்கு அலையாமல், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்துகொள்வது நல்லது. பணம் அனுப்பியவுடன் ஆளே காணாமல் போகும் வகை மோசடிக்கு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எனக்கு விற்றவர் அதே காலத்தில் வெளியிட்டிருந்த பிற விளம்பரங்களையும் திரைப்பிடிப்பு எடுத்து, நான் செய்திருக்கும் மனுவுடன் இணைத்திருக்கிறேன். சொந்தச் சேகரிப்பை விற்கும் தனிமனிதரிடம் ஒரே செட் இரண்டு மூன்று முறை விற்பனைக்கு வராது. மனு நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்தப் பொழுதுபோக்கை முதலீடு என்று பேசத் தொடங்கிய பிறகே இத்தகையவர்கள் அதிகம் புகுந்தார்கள் என்பது என் கருத்து. பெட்டியைத் திறக்காமல் வைத்தால் விலை ஏறும் என்பதே பலருக்கு வேதமாகிவிட்டது. 2008இல் வந்த தாஜ்மகால் செட்டின் கதையை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்: 5,922 துண்டுகள் கொண்ட அந்தச் செட்டின் மறுவிற்பனை விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்த நேரத்தில், 2017இல் நிறுவனம் அதையே புதிய எண்ணில் மீண்டும் வெளியிட்டது, சேர்த்து வைத்திருந்தவர்களின் கணக்கெல்லாம் கலைந்தது. கட்டுவதற்காக வாங்கியவருக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை.

கிரீன் குரோசருக்குத் தேவையான அசல் பச்சைக் கட்டைகளை உதிரியாக வாங்கினால் என்ன ஆகும் என்று, லெகோ உதிரிகள் விற்கப்படும் பிரிக்லிங்க் இணையதளத்தில் கணக்கிட்டேன். செட்டுக்குக் கொடுத்த தொகையில் பெரும்பகுதி மீண்டும் செலவாகும். வழக்கு முடியும்வரை போலிகளைத் தனிப் பையில் முத்திரையிட்டு வைத்திருக்கிறேன்.

இந்த விற்பனையாளரின் விளம்பரங்களை அடையாளம் காணச் சில குறிப்புகள்: நிறுத்தப்பட்ட மாடுலர் கட்டடங்கள்தான் பெரும்பாலும் வரும், படங்கள் எப்போதும் கட்டிய நிலையில், முன்பக்கத்திலிருந்து மட்டுமே, பெட்டியும் புத்தகமும் ஓரமாக வைக்கப்பட்டிருக்கும், விலை சந்தை விலையைவிடச் சற்றே குறைவு, சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவாக இருக்காது. ஏதாவது ஒரு சுவரின் நடு வரிசையைக் கழற்றி, குமிழ்கள் தெரியும்படி அன்றைய தேதியை எழுதிய காகிதத்துடன் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அசல் வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. கடந்த சில மாதங்களில் இத்தகைய ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள், சன்னலுக்குக் கீழே மூன்றாவது வரிசையை இன்றே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்தே காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.