காலையில் விட்ட வண்டி சாயங்காலம் எங்கே? மறதிக்கு மூன்று விளக்கங்கள்

ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவன் நான். சாயங்காலம் வந்து வரிசை வரிசையாகத் தேடுவது வாரத்தில் இரண்டு நாளாவது நடக்கும். விட்டுப் போய் பத்து மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் ஏலகிரியில் ஒரே ஒரு தடவை வண்டியை நிறுத்திய இடம், அந்தப் பலாமரம், பக்கத்தில் விரிசல் விட்ட சிமென்ட் தொட்டி எல்லாம் இன்னும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. நாளானால் மறக்கும் என்பது உண்மையென்றால் இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

நீண்டகால நினைவு ஏன் கைவிடுகிறது என்பதற்கு உளவியலில் மூன்று விளக்கங்கள் போட்டி போடுகின்றன: நினைவு தானாகத் தேய்கிறது, ஒரு நினைவை இன்னொன்று குழப்புகிறது, அல்லது நினைவு உள்ளேயே இருந்தும் எடுக்கத்தான் வழி கிடைக்கவில்லை.

தேய்மானக் கட்சிக்காரர்கள் முதலில் காட்டுவது ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸின் மறதி வளைகோட்டை. அவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். மறுபடி படிக்கும்போது முதல் தடவையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிஷம் கழித்து 58 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34. ஆனால் 31 நாள் கழித்தும் 21! முதல் நாளில் தடதடவெனச் சரிந்தது, அப்புறம் ஒரு மாதத்தில் 13 புள்ளிதான் இறங்கியிருக்கிறது. இன்னொன்று, எவ்வளவு மறக்கிறது என்பதை இந்த வளைகோடு சொல்கிறதே தவிர, ஏன் மறக்கிறது என்று சொல்வதில்லை. பள்ளியில் ஸ்பானிஷ் படித்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்த ஹாரி பாரிக் (1984), முதல் சில வருஷங்களில் மறந்தது போக மீதி கால் நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய அசையாமல் இருந்ததைக் கண்டார். வெறும் காலம்தான் அரிக்கிறது என்றால் இந்த மீதியை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

அமெரிக்க உளவியலாளர் மெக்கியோ 1932-லேயே இதற்கு ஒரு நல்ல உவமை சொன்னார். இரும்பு நாளாவட்டத்தில் துருப்பிடிக்கிறது, ஆனால் துருப்பிடிக்க வைப்பது நாள் அல்ல, ஆக்சிஜன். சரி, மறதிக்கு ஆக்சிஜன் எது? குறுக்கீடு, அதாவது ஒரு நினைவை இன்னொன்று குழப்புவது, என்கிறது இரண்டாவது கட்சி. என் ஓட்டும் இதற்குத்தான்.

1924-ல் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டு மாணவர்களைப் பத்து அசைகளைப் படிக்க வைத்தார்கள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தபோது பாதியளவு நினைவிருந்தது. அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தபோது ஒன்று தேறுவதே பாடாக இருந்தது. (தூக்கமே நினைவை உறுதிப்படுத்துகிறது என்று பின்னால் தெரியவந்ததால், இந்தப் புகழ் முழுவதையும் குறுக்கீட்டுக்குக் கொடுத்துவிட முடியாது.) இதைவிட எனக்குப் பிடித்தது பேட்லியும் ஹிட்சும் 1977-ல் ரக்பி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு. அந்த சீசனில் எந்தெந்த அணியோடு ஆடினீர்கள் என்று கேட்டார்கள். சிலர் காயத்தாலோ வேறு காரணத்தாலோ நடுவில் ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தார்கள். எத்தனை நாள் ஆனது என்பதைவிட, நடுவில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்பதே மறதியை நிர்ணயித்தது. ஸ்டாண்டு விவகாரமும் இதேதான்: அங்கே தினமும் நிறுத்துகிறேன், ஏலகிரியில் நிறுத்தியது ஒரே தடவை!

பழையதும் புதியதைக் குழப்பும். முன்பு எந்த மனப்பாடப் பட்டியலும் படிக்காதவர்கள், புதிதாகப் படித்த பட்டியலில் ஒரு நாள் கழித்துச் சுமார் முக்கால் பங்கைச் சொல்கிறார்கள், ஏற்கெனவே இருபது பட்டியல் படித்தவர்களோ ஐந்தில் ஒரு பங்குதான் சொல்கிறார்கள் என்று 1957-ல் அண்டர்வுட் காட்டினார். ஏ.டி.எம். பின் நம்பரை மாற்றிய பிறகும் விரல் பழைய எண்ணுக்கே போவது இதனால்தான்.

மூன்றாவது கட்சியையும் ஒதுக்க முடியாது. டல்விங்கும் பெர்ல்ஸ்டோனும் 1966-ல் வகை வகையாகச் சொற்களைக் கொடுத்தார்கள். வெறுமனே ‘நினைவிருப்பதைச் சொல்’ என்றபோது விட்டுப்போன பல சொற்கள், வகையின் பெயரைச் சொன்னதும் வந்துவிட்டன. அப்படியானால் அவை அழிந்திருக்கவே இல்லை. தண்ணீருக்கடியில் படித்ததை முக்குளிப்பவர்கள் தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுகூர்ந்தார்கள் என்ற 1975 சோதனையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 2021-ல் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை, அதனால் அதை ரொம்ப நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுத்தால் மூன்றாவது விளக்கம் பொருந்தும்: முதல் எழுத்தை யாராவது சொன்னால் போதும், பெயர் வந்துவிடும். தினமும் ஒரே மாதிரி செய்வதில் சறுக்கினால் அது குறுக்கீடு. தேய்மானம் மூளைக்குள் நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் ஸ்கூட்டரைத் தேட அதனால் உபயோகமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, பக்கத்து வண்டியைக் குறிப்பாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். முதல் நாள் மஞ்சள் கலர் மொபெட் ஒன்று மாட்டியது. சாயங்காலம் வந்து பார்த்தால், அந்த மொபெட்காரர் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார்.