மூன்று ஆண்டுகளாக என் கையில் ஒரு பாக்கெட் லென்ஸ்

"நீங்க வச்சிருக்கிற அதே லென்ஸை நானும் வாங்கலாமா?" என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். மருத்துவக் கஞ்சாவை வீட்டில் வளர்க்க அவருக்கும் இப்போது முறைப்படி அனுமதி கிடைத்திருக்கிறது. முதல் செடியின் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன என்று படமும் அனுப்பியிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். அந்த லென்ஸை நான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். போன வாரம்தான் பழுது பார்த்தேன். அதன் மேல் எனக்கு இருக்கும் அன்பும் கோபமும் இன்னும் ஆறவில்லை.

60 மடங்கு பெரிதாக்கும், மடக்கினால் தீப்பெட்டி அளவே இருக்கும், பக்கத்தில் ஒரு எல்இடி, உள்ளே மூன்று பொத்தான் பேட்டரி. எல்லாரும் பார்த்திருக்கும் சாதாரண வகைதான்.

முதலில் அது எனக்குச் செய்த நன்மை. முதல் ஆண்டில் இலைகளின் மேல்பக்கம் வெளிறிய சிறு புள்ளிகள் வந்தன. மெக்னீசியம் குறைவு என்று நானே முடிவு கட்டி, இரண்டு வாரம் எப்சம் உப்பு கரைத்து ஊற்றினேன். புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. லென்ஸ் வந்த அன்று ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் வைத்துப் பார்த்தேன். முதுகின் இரண்டு பக்கமும் கரும்புள்ளியோடு சிலந்திப்பேன்கள் நடமாடிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே கண்ணாடி மணி போல உருண்டை முட்டைகள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர்கள். வெறுங்கண்ணுக்குத் தூசு மாதிரிதான் தெரிந்திருந்தன.

அன்று கற்றதை இன்றுவரை மறக்கவில்லை. சத்துக் குறைவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மெக்னீசியம் போதாவிட்டால் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் உள்ள பரப்பு மட்டும் மஞ்சளாகும். பேன் உறிஞ்சிய புள்ளிக்கு நரம்பு, ஓரம் என்ற கணக்கே இல்லை; ஊசியால் குத்தியது போல எங்கும் சிதறிக் கிடக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் உப்பு ஊற்றிய இரண்டு வாரத்தில் பேன்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை பெருகியிருக்கும். நல்ல வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுப்பேனாக அவற்றுக்கு ஒரு வாரம் போதும்.

சீக்கிரம் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் என்றால், பூ வந்த பிறகு எதையும் தெளிக்க முடியாது. நோயாளி உள்ளே எடுக்கப்போகும் பொருள் அது. பூஞ்சைக்கு அடிக்கும் மைக்ளோபியூட்டனில் போன்ற மருந்து சூடாகும்போது ஹைட்ரஜன் சயனைடாகச் சிதைகிறது. இதில் "கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நண்பரின் படத்துக்கு வருகிறேன். அடியிலை மஞ்சளானால் பெரும்பாலும் நகரக்கூடிய சத்து ஒன்று குறைகிறது என்று பொருள்: தழைச்சத்து (நைட்ரஜன்), மெக்னீசியம், சாம்பல்சத்து (பொட்டாசியம்). செடி இவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்பும். இலை முழுதும் சீராக வெளிறினால் தழைச்சத்து. ஓரம் கருகினால் சாம்பல்சத்து. இரும்பும் சுண்ணாம்பும் அப்படி நகராது என்பதால் அவற்றின் குறை உச்சித் தளிரில்தான் தெரியும். ஆனால் உரம் போடுவதற்கு முன் தண்ணீரின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, பாருங்கள். மண் தொட்டியில் 6-க்கும் 7-க்கும் இடையே இல்லாவிட்டால் சத்து மண்ணில் இருந்தும் வேர் எடுக்காது. மேலும் மேலும் உரம் போட்டால் இலை நுனிதான் கருகும். பூ முற்றும் கடைசி வாரங்களில் அடியிலை மஞ்சளாவது இயல்பு, அதற்கு மருத்துவமே வேண்டாம். இன்னொன்று, வளர்ப்பு விளக்கின் ஊதா வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து நிறம் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. விளக்கை அணைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

வெளிச்சம் என்றதும்தான் என் கோபம் தொடங்குகிறது. இந்த லென்ஸின் எல்இடி நீலம் பாய்ந்த, கண்ணைக் குத்தும் வெள்ளை. இலையடியில் பேன் தேட அது போதும். அறுவடைக் காலம் பார்க்க அது ஆகவே ஆகாது.

அறுவடையை முடிவு செய்வது பூவின் மேல் இருக்கும் பிசின் சுரப்பிகள். காம்பின் மேல் சின்ன உருண்டைத் தலை வைத்த காளான் போல இருக்கும். தொடக்கத்தில் அந்தத் தலை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். பிறகு பால் கலந்தது போல மங்கும். அதன்பின் தேன் நிறத்துக்குத் திரும்பும். பெரும்பாலானவை பால்நிறமாகி, அங்கங்கே தேன்நிறம் எட்டிப்பார்க்கும்போது அறுப்பவர்கள் அதிகம். தேன்நிறம் கூடக்கூட, கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளான டிஎச்சி சிதையத் தொடங்கிவிட்டது என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. ஆக, எல்லாம் நிறத்தில் இருக்கிறது. அந்த நிறத்தைத்தான் இந்த விளக்கு கெடுக்கிறது. தெளிவான தலையின் மேல் இதன் ஒளி பட்டுத் தெறித்தால் அது பால்நிறமாகவே தெரியும். தேன்நிறத்தின் மேல் பட்டால் சாம்பல் பூத்தது போலத் தெரியும்.

இரண்டாம் ஆண்டு நான் அதை நம்பினேன். பூ வந்த எட்டாவது வாரம் பார்த்தபோது எல்லாம் பால்நிறம். அன்று மாலையே அறுத்துவிட்டேன். மறுநாள் காலை, தற்செயலாக விளக்கைப் போடாமல் சன்னலோரம் ஒரு துண்டை வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் தெளிவாகத்தான் இருந்தன. இன்னும் பத்து நாளாவது விட்டிருக்க வேண்டிய செடி. அறுத்த பூவைத் திரும்பச் செடியில் ஒட்ட முடியாது. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்தது. முந்தைய அறுவடையில் தூங்க முடிந்த இரவுகளை இது எனக்குத் தரவில்லை. வலியோடு இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. விளக்கின் நிறத்தை மாற்றியிருந்தால், அல்லது அதன் மேல் ஒரு மங்கல் தகடு வைத்திருந்தால் போதும். செய்தவர்கள் ஒருமுறை பூவை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது நான் செய்வது இது. செடியின் உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் சிறு துண்டு கத்தரித்து வெள்ளைத் தாளில் வைப்பேன். செடியோடு பார்த்தால் 60 மடங்கில் மூச்சு விட்டாலும் காட்சி ஓடிவிடும். எல்இடியை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். பூவடியில் உப்பியிருக்கும் செதிலில்தான் பார்ப்பேன்; பூவை ஒட்டிய சின்ன இலைகளில் சுரப்பிகள் முந்தியே தேன்நிறமாகி ஏமாற்றும். பூவிலிருந்து நீளும் வெள்ளை முடிகள் பழுப்பானதை மட்டும் நம்புவதில்லை. கை பட்டாலும் மகரந்தம் பட்டாலும் அவை பழுப்பாகிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்து, கைப்பேசியை லென்ஸின் மேல் வைத்துப் படம் எடுத்துத் தேதியோடு வைப்பேன். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் நிறம் மாறுவது தானாகத் தெரியும்.

போன வாரம் விளக்கு எரியாமல் போனது. பேட்டரியைத் தொடும் தகடு துருப்பிடித்திருந்தது. உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் மழை மூட்டமான நாளில் இலையடியில் பேன் தேட அது வேண்டும் என்று உட்கார்ந்து சுரண்டிச் சரிசெய்தேன். எண்ணெய்த் தாளில் ஒரு துண்டு வெட்டி விளக்கின் மேல் ஒட்டினேன். கண்கூச்சம் பாதி குறைந்தது. நிறம் இன்னும் நீலம்தான்.

நியாயமாகச் சொன்னால் கண்ணாடி நன்றாக இருக்கிறது. மூன்று ஆண்டில் கீறல் இல்லை, கீல் தளரவில்லை. இது வந்த பிறகு பேனுக்கு ஒரு செடியைக்கூடப் பறிகொடுக்கவில்லை.

நண்பருக்கு எழுதிய பதில்: இதை வாங்காதீர்கள். விளக்கே இல்லாத, 30 மடங்குக் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். கை நடுங்கினாலும் காட்சி நிற்கும், நிறம் பொய் சொல்லாது. அப்புறம், அது வந்து சேரும்வரை அடியிலையில் எதையும் ஊற்றவோ தெளிக்கவோ வேண்டாம். சனிக்கிழமை காலை நல்ல வெளிச்சம் இருக்கும்போது நானே இந்த லென்ஸோடு வருகிறேன்.